பாப் பாட்டு ரசிகர்களுக்கான பாட்காஸ்ட் வழிகாட்டி: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

பிடித்த பாட்டை நூறு தடவை கேட்டிருப்போம். வரிகளெல்லாம் மனப்பாடம். ஆனால் இரண்டாவது சரணத்தில் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது, திரும்பத் திரும்ப வரும் பகுதியான கோரஸில் எத்தனை குரல் சேர்ந்து பாடுகிறது என்று யாராவது கேட்டால் முழிப்போம். இத்தனையும் முதல் நாளிலிருந்தே பாட்டுக்குள் இருக்கிறது. நாம்தான் பாடகரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறோம்.

பாப் இசை பாட்காஸ்ட்கள் எனக்குச் செய்த பெரிய உதவி, அந்தக் கவனத்தைப் பழக்கிவிட்டதுதான். பேட்டி, செய்தி, கிசுகிசு எல்லாம் அவற்றில் உண்டு, அதையும் ஆசையாகக் கேட்பேன். ஆனாலும் ஒரு நல்ல எபிசோடுக்கு நான் வைத்திருக்கும் பரிசோதனை ஒன்றுதான்: கேட்டு முடித்துவிட்டு மறுபடி பாட்டைப் போட்டால், அது முன்பு கேட்ட மாதிரி இருக்கக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: உங்களை இழுப்பது எது என்று பாருங்கள்

'பாப் மியூசிக் பாட்காஸ்ட்' என்று தேடினால் கணக்கில்லாமல் வந்து விழும். பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். பாட்டைக் கேட்கும்போது உங்கள் மனதில் வரும் கேள்வியைப் பார்த்து எடுங்கள். 'இந்தச் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்?' என்று தோன்றுகிறவருக்கு ஒரு வகை. 'இது ஏன் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?' என்றால் இன்னொரு வகை. 'இந்தப் பாட்டு எப்படி முதலிடத்துக்கு வந்தது?' என்பது மூன்றாவது. ஒரே ஒரு பாடகர்மீது உயிரையே வைத்திருப்பவர்களுக்கு நான்காவதும் உண்டு. ஒரே ஆளுக்குள் நான்கு கேள்வியும் இருக்கலாம். ஆனால் தொடங்கும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் மூன்று நிகழ்ச்சிகள்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மூன்று பெயர்கள்.

முதலாவது 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. ரிஷிகேஷ் ஹிர்வே 2014 ஜனவரியில் தொடங்கியது. பாட்டை உருவாக்கியவரையே உட்காரவைத்து, அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்கவைக்கும் நிகழ்ச்சி. டிரம்ஸ் மட்டும் தனியாக, சின்த் என்ற மின்னணு வாத்தியம் மட்டும் தனியாக, பின்னணிக் குரல் மட்டும் தனியாக என்று ஒலிப்பதிவின் ஒவ்வொரு அடுக்கும் வரும். ஹிர்வே தன் கேள்விகளைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடுவார், கலைஞர் நேராக நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கும். கடைசியில் அத்தனை அடுக்கும் ஒன்றுசேர்ந்து பாட்டு முழுதாக ஒலிக்கும். பெரும்பாலான எபிசோடுகள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2020இல் இது நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் வந்தது. ஆனால் பாப் ரசிகருக்கு ஆடியோ வடிவம்தான் மேல் என்பது என் எண்ணம். கண்ணுக்கு வேலை இல்லாதபோதுதான் காது விழிக்கிறது.

பின்னணிக் குரலைத் தனியாகக் கேட்ட அனுபவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வருடம் கேட்ட ஒரு பாட்டின் எபிசோட் அது. கோரஸில் ஒரே குரல் என்று நான் நினைத்திருந்த இடத்தில், அதே வரியை நான்கைந்து முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒரு அடுக்கில் பாடகி ஏறக்குறைய முணுமுணுக்கிறார். வரி தொடங்கும் முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. அந்த மூச்சு பாட்டில் அத்தனை வருடமும் இருந்திருக்கிறது. இப்போது அந்தப் பாட்டைப் போட்டால் முதலில் என் காதில் விழுவதே அதுதான்.

இரண்டாவது 'ஸ்விட்ச்ட் ஆன் பாப்'. இதுவும் 2014இல் தொடங்கியதுதான். இசையியலாளர் நேட் ஸ்லோனும் பாடலாசிரியர் சார்லி ஹார்டிங்கும் நடத்துகிறார்கள். பாட்டு ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதைக் கையில் கீபோர்டை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவார்கள். இசை படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம், கலைச்சொல் வந்தால் அங்கேயே விளக்கம் வந்துவிடும்.

இந்த வகை அலசலில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். கேட்டி பெரியின் 'டீனேஜ் ட்ரீம்' 2010இல் வந்த பாட்டு. கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டம். பாட்டின் ஆதார சுருதியின்மேல் அமைந்த கார்டுதான் அதன் வீடு. பெரும்பாலான பாட்டுகள் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த வீட்டுக்கு வந்துதான் இளைப்பாறும். இந்தப் பாட்டில் அந்த வீட்டுக் கார்டு ஒருமுறைகூட முழுதாக வந்து அமர்வதில்லை. கோரஸ் இவ்வளவு பெரிதாக வெடித்தும் மனம் ஏதோ ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டே இருப்பது அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாட்டு பறக்கிறது, ஆனால் தரையிறங்குவதில்லை. 'பாப் என்றால் சும்மா சத்தம்தானே' என்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மூன்றாவது 'ஹிட் பரேட்'. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் தரவரிசைப் பட்டியல்களைக் கரைத்துக் குடித்த கிறிஸ் மொலன்ஃபி 2017இலிருந்து நடத்துகிறார். ஒரு பாட்டு ஹிட்டாவதற்குப் பின்னால் எத்தனை விபத்து, எத்தனை வியாபாரக் கணக்கு என்பதுதான் இதன் பேசுபொருள். 'ரெட் ரெட் வைன்' பாட்டின் கதையைக் கேளுங்கள். எழுதியவர் நீல் டயமண்ட், 1967இல் அவரே பாடினார். 1969இல் டோனி டிரைப் அதை ஜமைக்காவின் ரெகே பாணியில் பாடினார். பிரிட்டனின் யூபி40 குழுவுக்குத் தெரிந்தது அந்த ரெகே வடிவம்தான். எழுதியவர் பெயர் 'என். டயமண்ட்' என்று இருந்ததைப் பார்த்து, யாரோ ஒரு ஜமைக்கா கலைஞர் என்றே நினைத்திருந்தார்கள். அவர்கள் பாடிய வடிவம் 1983இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அப்போது பெரிதாக எடுபடவில்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு வானொலி நிலையம் மறுபடி ஒலிபரப்பத் தொடங்க, 1988இல் அங்கேயும் முதலிடம்! அதே பழைய ஒலிப்பதிவுதான்.

தரவரிசையை வேதவாக்காக நம்புகிறவர்களுக்கு இன்னொரு தகவல். 1998 டிசம்பர் வரை, கடையில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, விற்காத பாட்டு பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் ஏறவே முடியாது. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் அதைச் சிங்கிளாக வெளியிடாததால் ஹாட் 100இல் அந்தப் பெயரே இல்லை. 'இந்தப் பாட்டு சார்ட்டில் ஏறவே இல்லை தெரியுமா' என்று யாராவது வாதாடினால், விதி என்னவாக இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

இந்த மூன்றிலும் தலா இரண்டு எபிசோட் கேளுங்கள். புதிய எபிசோடிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய பட்டியலில் போய் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டின் பெயரைத் தேடி எடுங்கள். தெரியாத பாட்டைப் பற்றிய அலசல் முதல் வாரத்தில் சலிப்புத் தட்டும்.

படி 3: ருசி தெரிந்த பிறகு

ஆல்பம் முழுவதையும் உட்கார்ந்து கேட்கிறவர் என்றால் 'டிசெக்ட்'. கோல் குஷ்னா 2016இல் தொடங்கியது. ஒரு சீசனுக்கு ஒரு ஆல்பம்தான். முதல் சீசன் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை', பின்னர் பியான்சேயின் 'லெமனேட்' வரை போயிருக்கிறது. மெதுவாக நகரும், பொறுமை வேண்டும், ஆனால் முடிக்கும்போது அந்த ஆல்பம் உங்களுடையதாகிவிடும்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ராப் ஹார்வில்லாவின் '60 சாங்ஸ் தட் எக்ஸ்ப்ளெய்ன் தி 90ஸ்'. 2020இல் அறுபது பாட்டு என்று தொடங்கியது, நூற்றிருபது வரை நீண்டது. இது அலசல் என்பதைவிட ஒருவரின் நினைவோட்டம். அவர் பேச்சு பிடித்தால் விடமாட்டீர்கள், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேர்வரை தோண்ட ஆசையா? ஆண்ட்ரூ ஹிக்கி 2018இலிருந்து தனியாளாக நடத்தும் 'எ ஹிஸ்டரி ஆஃப் ராக் மியூசிக் இன் 500 சாங்ஸ்' இருக்கிறது. பெயரில் ராக் என்று இருந்தாலும் இன்றைய பாப் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட விரிவான வேலையை நான் கேட்டதில்லை. பிற்கால எபிசோடுகள் சில மணிக்கணக்கில் ஓடும். எழுத்து வடிவமும் கிடைப்பதால் படித்துக்கொண்டே கேட்கலாம்.

பாட்டு எழுதும் ஆசை உள்ளவர்கள் ராஸ் கோலனின் 'அண்ட் தி ரைட்டர் இஸ்' கேளுங்கள். நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் பாடலாசிரியர்கள் அங்கே வந்து பேசுகிறார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு, 2021இல் அவருடைய ஆல்பங்களை வரிசையாக எடுத்துப் பேசித் தொடங்கிய 'எவ்ரி சிங்கிள் ஆல்பம்'. கொரிய பாப்பான கே-பாப் பக்கம் எரிக் நாம் நடத்திய 'கேபாப் டேபாக்' பழைய பட்டியல். அவரே அந்தத் துறையில் பாடகர் என்பதால் பேச்சில் உள்ளிருந்து பார்க்கும் பார்வை இருக்கும். அந்தந்த வாரம் வந்த பாட்டு, சர்ச்சை இரண்டுக்கும் நியூயார்க் டைம்ஸின் 'பாப்காஸ்ட்'.

படி 4: ஆப்பைச் சரியாக அமையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பேச்சு பாட்காஸ்டுக்கு ஏற்ற அமைப்பு இசை பாட்காஸ்டுக்கு ஆகாது.

முதலில் மௌனத்தை வெட்டும் வசதி. ஓவர்காஸ்ட் ஆப்பில் 'ஸ்மார்ட் ஸ்பீட்', பாக்கெட் காஸ்ட்ஸ் ஆப்பில் 'ட்ரிம் சைலன்ஸ்' என்ற பெயரில் இருக்கும். பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளைச் சுருக்கி நேரம் மிச்சப்படுத்துவது அதன் வேலை. இசையில் மௌனமும் தாளத்தின் பகுதி. கோரஸுக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று அரை நொடி மூச்சடைக்க வைக்கும் இடம் இருக்கிறதே, அந்த அரை நொடியை இது தின்றுவிடும். ஒரு எபிசோட் முழுக்கப் பாட்டுத் துணுக்குகள் தாளம் தப்புவதைக் கேட்டுவிட்டு, தொகுத்தவர் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தேன். என் ஆப்பில் இந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இசை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி அமைப்பு வைக்கும் வழி இந்த ஆப்களில் உண்டு.

அடுத்தது வேகம். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் நடனப் பாட்டு ஒன்றரை மடங்கில் 180 ஆகிவிடும். சுருதி மாறாதபடி ஆப் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஆடத் தோன்றும் உடம்பு அங்கே இருக்காது. செய்தி, பேட்டி என்றால் உங்கள் விருப்பம். பாட்டைப் பிரித்துக் காட்டும் நிகழ்ச்சி என்றால் இயல்பான வேகம்தான்.

ஹெட்ஃபோன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு காதிலும் மாட்டினால் போதும். பாப் பாட்டில் ஒரு கிட்டாரை இடப்பக்கமும் அதன் ஜோடியை வலப்பக்கமும் வைப்பது சாதாரணம். ஒற்றைக் காதில் கேட்டால் பாதி வாத்தியம் காணாமல் போகும். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் கேட்காது, 'இப்போது பேஸைக் கவனியுங்கள்' என்று அவர்கள் சொல்லும்போது நீங்கள் வெறும் காற்றைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள்.

டேட்டா பற்றி ஒரு கணக்கு. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர எபிசோட் சுமார் 58 எம்பி. வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டால் நடுவில் அறுந்து போகாது.

படி 5: பாட்டு, எபிசோட், மறுபடி பாட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

எபிசோடைத் திறக்கும் முன் அந்தப் பாட்டை முழுதாக ஒருமுறை கேளுங்கள், வேறு வேலை செய்யாமல். மூன்றரை நிமிடம்தான். கேட்டதும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'இரண்டாவது கோரஸ் ஏன் முதல் கோரஸைவிடப் பெரிதாக இருக்கிறது?' என்பது மாதிரி. அதன் பிறகு எபிசோட். அவர்கள் வாசித்துக் காட்டும் இடம் வந்தால் நிறுத்தி, பதினைந்து நொடி பின்னால் போய் மறுபடி கேளுங்கள். பாட்காஸ்ட் வானொலி மாதிரி ஓடிப்போகிற விஷயம் இல்லை, நம் கையில் இருக்கிறது.

எபிசோட் முடிந்ததும் உடனே பாட்டுக்குத் திரும்ப வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் காதில் ஏறியது இறங்கிவிடும். இந்த முறை பாடகரின் குரலைப் பின்தொடராதீர்கள். எபிசோடில் பேசிய ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதன் கூடவே போங்கள். பேஸ் கிட்டாரோடு ஒரு பாட்டு முழுக்கப் போய்ப் பார்த்தால் தெரியும், அது சரணத்தில் அடக்கி வாசித்து, கோரஸில்தான் வாய் திறக்கிறது என்பதெல்லாம். முதல் இரண்டு மூன்று தடவை பாதி வழியில் குரல் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பரவாயில்லை, திரும்பிப் பிடியுங்கள்.

பாத்திரம் கழுவும்போதும் பயணத்திலும் கேட்பதைக் குறை சொல்லவில்லை. ஹிட் பரேட் மாதிரி கதை சொல்லும் நிகழ்ச்சிகளுக்கு அது பொருத்தமான நேரம்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு எபிசோடாவது இந்த முறையில் உட்கார்ந்து கேளுங்கள்.

படி 6: பாட்டு முழுதாக வராதது ஏன்?

புதிதாகக் கேட்பவர்களின் பெரிய குறை இதுதான்: பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், பாட்டு பத்து பதினைந்து நொடிதான் வருகிறது. காரணம் உரிமை. ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரிகளும் எழுதியவருடையது, அல்லது அவருடைய பதிப்பாளருடையது. ஒலிப்பதிவு பெரும்பாலும் இசை நிறுவனத்துடையது. பாட்காஸ்ட் என்பது கேட்பவர் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பிரதி என்பதால், வானொலிக்கு இருக்கும் உரிமம் இதற்குப் போதாது. இரண்டு தரப்பிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், செலவும் அதிகம். அதனால்தான் துணுக்குகளும் கீபோர்டும். சாங் எக்ஸ்ப்ளோடரில் பாட்டு முழுதாக வருவது, அதை உருவாக்கியவர்களே ஒத்துழைப்பதால்.

பல நிகழ்ச்சிகள் எபிசோடில் பேசிய பாட்டுகளை பிளேலிஸ்டாகப் போட்டுவைக்கின்றன. எபிசோட் குறிப்பில் தேடுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று தொடங்கி, கேட்கும்போது புதிதாக அறிமுகமாகும் பாட்டையெல்லாம் அதில் போடுங்கள். என்னிடம் அப்படி ஒரு பிளேலிஸ்ட் இருக்கிறது, எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதி அதன் வழியாக வந்தவை.

படி 7: யார் பேசுகிறார் என்று கவனியுங்கள்

ரசிகர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் அன்பு கொட்டிக்கிடக்கும், தகவல் சில சமயம் வதந்தியாக இருக்கும். 'கேள்விப்பட்டேன்' என்று தொடங்கும் எதையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வராதீர்கள். புது ஆல்பம் வெளியாகும் வாரத்தில் ஒரே நட்சத்திரம் பத்து நிகழ்ச்சியில் பேட்டி கொடுப்பார், பதில்களும் ஒரே மாதிரி இருக்கும். அது விளம்பரச் சுற்று. ஒன்றைக் கேட்டால் போதும். அதே ஆல்பத்தைப் பற்றி ஆறு மாதம் கழித்து, யாருக்கும் அவசரம் இல்லாதபோது வரும் எபிசோடுக்குக் காத்திருங்கள். கலைஞர்களே தொகுத்து வழங்கும் நிகழ்ச்சிகள் தனி ரகம். துவா லிபா 2022இல் தொடங்கிய 'அட் யுவர் சர்வீஸ்' போன்றவற்றில் சக கலைஞரிடம் மட்டுமே வெளிவரும் பேச்சு கிடைக்கும். ஆனால் கடினமான கேள்வியை அங்கே எதிர்பார்க்க முடியாது.

படி 8: எபிசோட் இல்லாத பாட்டு

உங்களுக்கு உயிரான ஒரு பாட்டைப் பற்றி யாருமே எபிசோட் போட்டிருக்கமாட்டார்கள். இரண்டு மாதம் மேலே சொன்ன மாதிரி கேட்டவருக்கு அது குறையே இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே பிரித்துப் பாருங்கள்.

நான் செய்வது இப்படி. முதல் முறை கேட்கும்போது நேரத்தை மட்டும் குறிப்பேன்: முன்னிசை எத்தனை நொடி, பாடகர் எப்போது வாய் திறக்கிறார், முதல் கோரஸ் எத்தனையாவது நொடியில். இரண்டாவது முறை, ஒவ்வொரு பகுதியிலும் புதிதாக என்ன வாத்தியம் சேர்ந்தது, எது நின்றது. மூன்றாவது முறை குரல்: எங்கே தனிக்குரல், எங்கே அடுக்கிய குரல், எங்கே கிசுகிசுப்பு. அப்புறம் இரண்டாவது கோரஸ் முடிந்ததும் வரும் பகுதி, பிரிட்ஜ் என்பார்கள். அதுவரை கேட்காத மெட்டு ஒன்று அங்கே ஒரே ஒரு தடவை வந்து போகும். எந்த வாத்தியம் அங்கே காணாமல் போகிறது, கடைசிக் கோரஸில் அது எந்த அடியில் திரும்பி நுழைகிறது என்று நொடிக் கணக்கோடு எழுதிவையுங்கள். பிறகு அதே பாட்டை நேசிக்கும் இன்னொருவரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கமாக ஹெட்ஃபோனைப் பிரித்துக்கொள்ளாமல் ஸ்பீக்கரில் போட்டு, அந்த நொடி வரும்போது கையைத் தூக்கிக் காட்டுங்கள்.